பிட்ஸ்பர்க்கிலிருந்து ஊருக்கு வந்த பேராசிரியர்

கருங்கல்லைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் இப்போது தைவானில் ஆய்வு செய்துவருகிறார். சென்ற மாதம் அவர் தேசியத் தைவான் பல்கலைக்கழக நூலகத்துக்கு அருகிலுள்ள ஒரு சதுக்கத்தின் படத்தை அனுப்பி, "சார், நீங்க நடத்துன புஸ்தகத்த எழுதுனவரு கூட வேல பாத்தவருக்கு இங்க நினைவிடம் இருக்கு" என்றார். நாகர்கோவிலில் புள்ளியியல் கற்பித்த காலமெல்லாம் மோரிஸ் டிகுரூட்டின் நிகழ்தகவு நூல் என் மேசையில் இருந்தது. ஆனால் அவருடைய துறையில் பணியாற்றிய சென் வென்-செங் என்ற இளைஞரின் கதையை அன்றுதான் தேடிப் படித்தேன்.

சென் 1950-இல் பிறந்தவர். தாய்நாடான தைவானில் கணிதம் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1978-இல் முனைவர் பட்டம் பெற்று, பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1949 மே மாதத்தில், தைவானில் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதை எதிர்த்தோர் 1979-இல் தொடங்கிய 'அழகிய தீவு' என்ற பொருள்படும் இதழுக்கு அவர் அங்கிருந்தே நன்கொடை திரட்டி அனுப்பினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கோயில் கொடைக்குப் பணம் அனுப்புவதைப் போல இயல்பான செயலாகவே அது அவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று காவ்சியுங் நகரில் நடந்த மனித உரிமை நாள் பேரணிக்குப் பின் இதழ் ஒடுக்கப்பட்டது. அதை நடத்தியோர் சிறைக்குச் சென்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ, சக மாணவர்களின் பேச்சைக் கேட்டுத் தைவான் அரசுக்கு அறிக்கை அனுப்பும் உளவாளிகள் இருந்தனர்.

1981-இல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் அவர் உறவினரைப் பார்க்கத் தைவான் திரும்பினார். ஜூலை 2 காலையில் இராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய இராணுவக் காவல் தலைமையகத்தின் ஆட்கள் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் காலை, தாம் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகக் கட்டடத்தருகே அவர் உடல் கிடந்தது. அவருக்கு வயது 31. அன்றிரவே அவரை வீட்டில் விட்டுவிட்டதாகவும், விபத்திலோ தற்கொலையாலோ அவர் இறந்திருக்கலாம் என்றும் அதிகாரிகள் கூறினர்.

டிகுரூட் அதை ஏற்கவில்லை. புள்ளியியல் உலகில் பெரும்பெயர் பெற்றிருந்த அவர், தடயவியல் மருத்துவர் சிரில் வெக்ட்டுடன் செப்டம்பரில் தைவானுக்கே சென்றார். காயங்களையும் இடத்தையும் ஆராய்ந்த வெக்ட், இது கொலை என்ற முடிவுக்கு வந்தார். கருதுகோளைச் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். தம் துறையின் இளைய ஆசிரியர் ஒருவருக்காக அதே ஒழுக்கத்தைக் கடல் தாண்டி எடுத்துச் சென்ற மனிதரை, வெறும் நூலாசிரியராக மட்டுமே இத்தனை காலம் அறிந்திருந்தேன் என்பது என்னை வருத்துகிறது.

பழைய ஆட்சிக்கால அநீதிகளை ஆராய அமைக்கப்பட்ட தைவானின் நிலைமாறுகால நீதி ஆணையம் 2020-இல்தான், கொலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற முடிவை வெளியிட்டது. மாணவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்திப் பெற்ற சதுக்கம் 2021-இல் திறக்கப்பட்டது. இதற்காக ஒருவர்கூட இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் என்பதை மற்றவர்கள் எப்படிக் கருதுவார்களோ, குமரி மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சதுக்கம் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களைப் பற்றி என் தந்தை சொல்லும்போது, ஆட்களின் பெயர்களோடு அவர்கள் விழுந்த இடத்தையும் சேர்த்தே சொல்வார். அந்த இணைப்பு நடந்த 1956 நவம்பர் 1-ஐப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் அந்த இடங்களையே முதலில் காட்டுவார். சென் விழுந்து கிடந்த இடத்தருகே அவர் பெயர் நிற்பதை அந்தப் பழக்கத்தோடுதான் பார்க்கிறேன்.

ஞாயிறன்று மாணவரின் வீட்டுக்குச் சென்று படத்தை அவருடைய தாயாரிடம் காட்டி, கதையையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்க இப்போ பயமில்லியே சார்? என் மொவன் எதாவது பேசிருவானோ?" என்று கேட்டார். 1987-இல் இராணுவச் சட்டம் நீக்கப்பட்டதையும், 1996 முதல் மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதையும் எடுத்துச் சொன்னேன். பிறகு, அந்தச் சதுக்கத்தில் பட்டப்பகலில் நின்று அவர் மகனே இந்தப் படத்தை எடுத்து நமக்கு அனுப்பியிருக்கிறார் என்றேன். அவர் கைபேசியை மறுபடியும் வாங்கி, படத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார்.