செருப்பு வரைஞ்ச கதை

பென்சில்ல வரையறப்ப அழிச்சு அழிச்சே பேப்பர் கிழிஞ்சிடுது, அதான் அழிக்கவே முடியாத பேனாவுக்கே போயிடலாம்னு மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சேன். முதல் வேலையே சொதப்பல். கடையில இண்டியன் இங்க் பாட்டிலை பார்த்துட்டு, எல்லாம் மைதானேன்னு அப்பாவோட பழைய ஹீரோ பேனால ஊத்திட்டேன். அது கரி மை, காஞ்சிடுச்சுன்னா தண்ணிக்கும் கரையாது, தொட்டு எழுதுற நிப்புக்குத்தான் அது சரிப்படும். ரெண்டே நாள்ல பேனா அடைச்சுக்கிச்சு, வெந்நீர்ல ஊறப்போட்டும் வரல. அப்பா இன்னும் அதை சட்டைப் பையிலதான் குத்தியிருக்கார், எழுதாதுன்னு தெரிஞ்சும்.

அப்புறம் 0.1, 0.3, 0.5னு மூணு சைஸ்ல ஃபைன்லைனர், அதாவது மெல்லிசா கோடு போடுற பேனா, வாங்கினேன். ஜெராக்ஸ் பேப்பர்ல பேனாவை ஒரு செகண்ட் நிறுத்தினாலே மை பரவி பொட்டு வச்ச மாதிரி ஆகிடுது, அதனால தடிமனான 200 ஜிஎஸ்எம் பேப்பர் நோட்டு.

மதுரையை பேனாவால இழை இழையா வரைஞ்ச மனோகர் தேவதாஸுக்கு ரெடினைட்டிஸ் பிக்மென்டோசாங்கிற விழித்திரை நோயால பார்வை சுருங்கிக்கிட்டே வந்துச்சு, அப்பவும் விடல, 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, வாசல்ல கிடக்கிற ஹவாய் செருப்பு வர மாட்டேங்குது.

முதல்ல வரைஞ்சது கருவாடு மாதிரி இருந்துச்சு. சுத்தி ஒரே தடிமன்ல கோடு, உள்ள நிழலுக்கு குறுக்கும் நெடுக்குமா ஒரே மூச்சுல கிராஸ் ஹேட்சிங், மை காயறதுக்குள்ள கை பட்டு எல்லாம் ஈஷிடுச்சு. ஏழாவது தடவை, சோம்பேறித்தனமா இல்ல வேணும்னேவான்னு எனக்கே தெரியல, வெளிச்சம் படுற பக்கம் ஓரக்கோடே போடாம விட்டுட்டேன், அதுக்கு பதிலா தரையில விழுற நிழலை மட்டும் 0.1ல சாய்வா நெருக்கி இழுத்து, காஞ்சதும் மேல இன்னொரு அடுக்கு. வாருக்கு அடியில இருக்கிற இடுக்கை மட்டும் 0.5ல கருப்பாக்கினேன். அவ்வளவுதான், அதுவரைக்கும் காத்துல மிதந்துக்கிட்டு இருந்த செருப்பு தரையில உட்கார்ந்துடுச்சு! போடாத கோடு கண்ணுக்குத் தெரியுது, எப்படின்னு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா, ஒரு கோயிலு கோபுரம்னு வரையக்கூடாதா"ன்னு கேட்டாங்க. கோபுரமாவது இடத்தை விட்டு நகராது. இடது கால் முடிச்சுட்டு வலதுக்கு வர்றதுக்குள்ள தம்பி அதை மாட்டிக்கிட்டு பால் வாங்கப் போயிட்டான், வந்து கழட்டி விட்டது குப்புற.