நிற்காத குவியல்

தரமணியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் எரிமலைகளோடு குப்பை கொட்டினேன். கல்யாண வீடுகளில் வேலையைப் பற்றி விசாரிப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, அந்தமானில் ஆளில்லாத பாரன் தீவில் இருக்கிறது. சென்னைக்காரனுக்கு மலை என்றால் பரங்கிமலை; அதுவோ உச்சியில் தேவாலயத்தைச் சுமந்துகொண்டு சாதுவாக நிற்பது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எரிமலை ஆபத்து வரைபடம் தயாரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எரிமலை என்றதும் பலருக்கு லாவா நினைவுக்கு வரும். லாவாவிடமிருந்து பெரும்பாலும் நடந்தே தப்பிவிடலாம். ஊர்களை விழுங்கியது, சூடான வாயுவும் சாம்பலும் பாறைத் துண்டுகளும் கலந்து சரிவில் இறங்கும் பைரோகிளாஸ்டிக் பாய்ச்சல். வெப்பம் பல நூறு டிகிரி, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். 1902-இல் மார்த்தினிக் தீவின் பெலே மலை வெடித்தபோது செயின்ட் பியேர் நகரம் சில நிமிடங்களில் முடிந்துபோனது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர்.

கல்லும் சாம்பலும் ஓடுவதைக் கணக்கில் பிடிப்பது எப்படி? ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடரும் முறை ஒன்றை கண்டால் (Cundall), ஸ்ட்ராக் (Strack) என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்டார்கள். ஆய்வகப் பெட்டிக்குள் அது சரிப்படும், மலைக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் பிடித்துக்கொண்டது சாவேஜும் ஹுட்டரும் 1989-இல் காட்டிய வழி. பாய்ச்சலின் நீளம் கிலோமீட்டர் கணக்கு, கனமோ மீட்டர் கணக்கு. ஆகவே உள்ளே நடப்பதைக் கிளறாமல், தரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கனம் எவ்வளவு, சராசரி வேகம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது. தரையோடு உள்ள உராய்வு ஒரு கோணமாகக் கணக்குக்குள் போகும். பாய்ச்சலின் ஜாதகம் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

என் முதல் பெரிய வேலையை ஒரு மாலை கணினியில் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் குவியல் நிற்கவில்லை. நிஜத்தில் சில நிமிடங்களில் அடங்கவேண்டிய பாய்ச்சல், கணினியின் கடிகாரத்தில் ஆறு மணி நேரம் கழிந்த பிறகும் சமதரையில் தோசைமாவு போலப் பரவிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஆனால் எங்கள் வண்ண அளவுகோல் பூஜ்ஜியத்திலிருந்தே சிவப்பில் தொடங்கியது. அடிவாரத்துச் சிறு நகரம் முழுவதும் திரையில் செக்கச்செவேல் என்று கிடந்தது. மேலாளருக்கு அந்த வீடியோ மிகவும் பிடித்துப்போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அனுப்பியும் வைத்துவிட்டார்.

கோளாறு ஒரே வரியில் இருந்தது. ஓடுகிற பொருளுக்கு உராய்வின் திசை தெரியும்: வேகத்துக்கு எதிர். வேகமே இல்லாதபோது எதற்கு எதிர்? அந்த இடத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்துவிடுமே என்று பயந்து, வகுக்கும் எண்ணோடு ஒரு துளி எண்ணைச் சேர்த்திருந்தேன். அந்தத் துளிதான் மணலைத் தேனாக்கியது. வேகம் குறையக் குறைய உராய்வும் குறைந்தது. தேன் மெல்ல மெல்ல ஓடும், நிற்காது.

அப்பா செங்குன்றத்தில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறையில் அங்கே போனால் அம்பாரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை உருவுவது எனக்கு விளையாட்டு. மேலிருந்து ஒரு கோடு சரசரவென்று சரியும், சட்டென்று நின்றுவிடும். மீண்டும் உருவினால் மீண்டும் ஒரு கோடு. ஆட்கள் ஏசுவார்கள். நின்றுகொண்டிருக்கும் நெல்லிடம் உராய்வு தன் முழு பலத்தையும் காட்டுவதில்லை. சரிவு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் எதிர்க்கும், தன் வரம்பு வரை. இழுப்பு வரம்பைத் தாண்டினால்தான் சரியும். பத்து வயதில் கையால் தெரிந்துகொண்டதை நிரலில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வரிகள் பன்னிரண்டே: கட்டத்தில் இருப்பது நின்றுகொண்டிருந்தால், அதை இழுக்கும் விசை உராய்வின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்; இருந்தால் தொடாதே.

இப்போது குவியல் நின்றது. விளிம்பு நகரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாகவே கெட்டியாக நின்றது. பழைய வீடியோவைத் திரும்பப் பெறச் சொல்லி மேலாளரிடம் சண்டையே போட்டேன்.

என் மேஜைக்கு எதிரே இருந்த மூத்த பொறியாளர் அம்மையார் புதிய படத்தை நெடுநேரம் பார்த்தார். "நின்றது எது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. உன்சென் பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

ஜப்பானின் உன்சென் மலையில் 1991 ஜூன் 3 அன்று இறங்கிய பாய்ச்சலின் கனமான அடிப்பகுதி பள்ளத்தாக்கை ஒட்டியே ஓடியது. அதன் மேல் மிதந்த சாம்பல் மேகமோ பள்ளத்தாக்கின் வளைவை மதிக்கவில்லை. பிரிந்து மேட்டின் மீது ஏறிவிட்டது. 43 பேர் இறந்தார்கள். எரிமலைகளைப் படம்பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட மோரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதியும், ஹாரி கிளிக்கன் என்ற எரிமலையியலாளரும் அவர்களில் உண்டு. எங்கள் கணக்கு அடிப்பகுதியை மட்டுமே அறியும். மேகம் என்ற ஒன்று அதற்கு இல்லவே இல்லை.

பிறகு மேகத்துக்குத் தனியாக ஒரு பட்டை வரைந்தோம். எரிவாய்க்கு மேலிருந்து சாய்வாகக் கற்பனைக் கோடுகள் இழுத்து, அவை தரையைத் தொடும் இடம் வரை ஆபத்து என்று கொள்ளும், 1982-இல் மாலினும் ஷெரிடனும் கணினிக்குக் கொண்டுவந்த முறை அது. நுட்பம் குறைவுதான், ஆனால் அதன் முரட்டுத்தனம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டையின் வெளிவிளிம்பு, நான் பிழையென்று துடைத்த சிவப்பு கிடந்த அதே நகரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அப்படியானால் பழைய வீடியோவே சரிதானே?" என்றார் மேலாளர். சரியில்லை, விடை ஒத்துப்போனது தற்செயல், அதன் கணக்கு தப்பு என்று விளக்குவதற்குள் மதிய உணவு நேரம் முழுவதும் கரைந்துவிட்டது. அவர் சாம்பார் சாதத்தை ஆறவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எதற்கும் அந்த வீடியோவை அழித்துவிட வேண்டாம்" என்றார்.