சின்ன ஓவியங்களைச் செலவில்லாமல் மாட்ட

உள்ளங்கை அளவு ஓவியத்தை அப்படியே சுவரில் ஒட்டினால் நோட்டீஸ் மாதிரிதான் தெரியும். சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். ஏ6 தாளுக்கு (105 × 148 மி.மீ.) ஏ4 அளவு கெட்டி அட்டை போதும். நடுவில் 99 × 142 மி.மீ. ஜன்னல் வெட்டினால், நாலு பக்கமும் 3 மி.மீ. விளிம்பு படத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் மூன்று நான்கு தடவை லேசாக இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் போனால் மூலை பிசிறடிக்கும்.

படத்தின் மேல் ஓரத்தை மட்டும், மெல்லிய தாள் துண்டும் மைதாப் பசையும் வைத்து ஒட்டுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாகிவிடும். செலோடேப் பக்கமே போகாதீர்கள். மஞ்சளாகி, கறை தாளில் இறங்கும்.

டிஸ்டெம்பர் சுவரில் டபுள் சைட் டேப் நிற்காது, மாவோடு உரிந்து விழும். இரண்டு ஆணி, சணல் கயிறு, மரக் கிளிப் போதும். கயிறு 1 மீட்டரைத் தாண்டினால் நடுவிலும் ஓர் ஆணி அடியுங்கள், இல்லாவிட்டால் படங்களெல்லாம் நடுவுக்குச் சறுக்கி வந்து கூட்டம் போடும்.

பேஸ்டல் படத்துக்குக் கயிறு சரிப்படாது, கண்ணாடி ஃப்ரேம்தான். கண்ணாடி படத்தில் உரசாமல் அட்டையின் கனமே இடைவெளி தரும். ஸ்கெட்ச் பேனா படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சீக்கிரம் வெளுத்துவிடும்.