கல்லீரல் தழும்பு: எனக்கு நேர்ந்ததும் நான் அறிந்ததும்

ஓர் அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரலைத் தாக்கும் கிருமித்தொற்று இருப்பது தெரியவந்தது. மஞ்சள் காமாலை வந்ததில்லை, வயிற்று வலியும் இருந்ததில்லை. கல்லீரல் நொதியான ஏஎல்டி கூட எல்லைக்குள்தான் இருந்தது. இரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை கட்டாயமாகாத காலத்தில், பிரசவத்தின்போது எனக்கு ஏற்றிய இரத்தத்தின் வழியாக அது வந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.

கல்லீரல் எவ்வளவு இறுகித் தழும்பேறியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் உண்ணாமலிருந்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுத்ததும், விலா எலும்புகளுக்கிடையே கருவியை வைத்து மெல்லத் தட்டினார்கள்; வலி இல்லை. இறுகிய திசுவில் அதிர்வு விரைந்து செல்லும் என்பதால் அந்த வேகத்தைக் கொண்டே இறுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு வந்தது 10.8 கிலோபாஸ்கல், அதாவது தழும்பே இல்லாத எஃப்0 முதல் முற்றிய எஃப்4 வரையிலான வரிசையில் எஃப்3 நிலை.

இது எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் செல்களுக்கும் நுண்குழாய்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விண்மீன் வடிவச் செல்கள் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன. கிருமியோ மதுவோ கொழுப்போ கல்லீரலை ஓயாமல் காயப்படுத்தும்போது, டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகளால் தூண்டப்பட்டு, அவை தம் வைட்டமினை இழந்து, கொலாஜன் இழைகளை உருவாக்கும் செல்களாக மாறிவிடுகின்றன. காயம் ஒருமுறையோடு நின்றால் அந்த இழைகளை உடலே கரைத்துவிடும். நிற்காதபோது, கரைவதைவிடச் சேர்வது மிகுந்து, இழைகள் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குப் பாலம்போல் நீள்கின்றன. அவை கல்லீரலை முடிச்சு முடிச்சாகப் பிரித்துவிட்டால் அதுவே சிரோசிஸ். காயத்தை ஆற்ற வந்த செல்களே தழும்பையும் இடுகின்றன என்று அறிந்தபோது, கிருமியை அகற்றுவது ஏன் முதன்மையானது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரங்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. முடித்து மேலும் 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இரத்தத்தில் கிருமி இல்லை.

அடுத்த ஸ்கேனில் அளவு 7.9-ஆக இறங்கியிருந்தது. நான் மகிழ்ந்தேன், ஆனால் தொடக்கத்தில் காணும் இறக்கத்தில் பெரும்பங்கு அழற்சி தணிந்ததால் வருவது என்றும், தழும்பு கரைவதற்கு ஆண்டுகள் ஆகும் என்றும் மருத்துவர் சொன்னார். எஃப்3 வரை சென்ற கல்லீரல் என்பதால், புற்றுநோய் தோன்றுகிறதா என்று கண்காணிக்க ஆறு மாதத்திற்கொருமுறை அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். தவறாமல் எடுத்து வருகிறேன்.