கணக்குக்குக் கை வேண்டும்: எங்கள் குரூப் 4 அனுபவம்

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு வேலைத் தேர்வான குரூப் 4-இன் முடிவு வந்துவிட்டது. அடுத்த கட்டமான சான்றிதழ் பதிவேற்றத்துக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் என் பதிவெண் இருக்கிறது. என் தோழியுடையது இல்லை. இரண்டு வருடம் ஒரே புத்தகத்தில் படித்தோம். அதனால் இதை முழுச் சந்தோஷத்தோடு எழுத முடியவில்லை. வீட்டில் நிம்மதி இல்லாமல் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சிலபஸும் புத்தகப் பட்டியலும் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம். என் அப்பா குடித்துவிட்டு வீடு திரும்புவது ஒன்பது மணிக்கு. அவளுடைய அப்பா விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. அண்ணனின் ரகளை தனி. அவளும் அம்மாவும் பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. ஆக எங்களுக்கு மிஞ்சியது மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை, அவள் வீட்டுத் திண்ணை.

"நீ படிடி. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான இருக்கு" என்றாள் முதல் நாளே. நான் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகங்களைச் சத்தமாக வாசிப்பேன். மடியில் முறம் வைத்து, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலைக் கட்டிக்கொண்டே அவள் திருப்பிச் சொல்வாள். 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி: பெண்டிங் ஆளுநர், கிரடாக் தளபதி, புதிய தலைப்பாகையைக் கொண்டுவந்தவர் அக்னியூ, ஆற்காட்டிலிருந்து வந்து அடக்கியவர் கில்லெஸ்பி. நான்கு பீடிக்கு நான்கு பெயர். எனக்கு அந்தப் பாடம் இன்றும் அவள் குரலில்தான் நினைவுக்கு வருகிறது.

2024 ஜூன் 9 தேர்வுக்கு முந்தின இரவு அவள் அண்ணன் அம்மாவை அடித்துவிட்டான். விடிய விடிய மருத்துவமனை. ஒன்பது மணிக்குக் கேட் மூடுவார்கள். இவள் வந்தது ஒன்பது ஐந்துக்கு. எனக்கு எதுவும் தெரியாது. தேர்வு முடிந்து வெளியே வந்தால், எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். "கணக்குல எத்தனை விட்ட?" என்றுதான் முதலில் கேட்டாள். தன் கதையை பஸ் ஏறின பிறகுதான் சொன்னாள். அந்த முறை எனக்கும் ரேங்க் வரவில்லை.

அதனால் நான் மிக அழுத்திச் சொல்வது இதுதான்: பிரச்சினை உள்ள வீடு என்றால், தேர்வுக்கு முந்தின இரவு அங்கே தங்கவே தங்காதீர்கள். விண்ணப்பிக்கும்போதே தங்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் மையம் போடுங்கள். 2025 ஜூலை 12 தேர்வுக்கு வேலூரைப் போட்டோம். வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பி, சத்துவாச்சாரியில் என் சித்தி வீட்டில் படுத்தோம். பல மாதங்களில் அன்றுதான் அவள் முழு இரவு தூங்கினாள்.

இன்னும் சில:

- தமிழ் 100 கேள்வியை நம்புங்கள். 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள்.
- ஹால் டிக்கெட் இரண்டு பிரதி. ஒன்று தோழியிடம் இருக்கட்டும்.
- தெரியாத கேள்விக்கு, 'விடை தெரியவில்லை' என்பதற்கான E வட்டத்தை விடைத்தாளில் கறுப்பாக்க மறக்காதீர்கள். கடைசியில் எத்தனை A, எத்தனை B என்று E வரை எண்ணிப் போடுவதை வீட்டிலேயே பழகுங்கள்.
- பயிற்சி மையங்களின் மாதிரித் தேர்வுக்கு (டெஸ்ட் பேட்ச்) பணம் இல்லையா? பழைய வினாத்தாள் போதும். எனக்குப் போதுமாக இருந்தது.
- மூன்றாவது ஆள் வேண்டாம். கூட்டமாகப் படித்தால் எனக்கு ஏறாது.

சரி, அவளுக்கு ஏன் வரவில்லை? தமிழில் என்னைவிட ஏழு கேள்வி கூட. பொது அறிவிலும் அவள்தான் மேல். கணக்கில் 25-க்கு 11 மட்டுமே சரி. தப்பு என்னுடையது. தனிவட்டியையும் மீச்சிறு பொது மடங்கையும்கூட நான் வாசித்துக் காட்டினேன், அவள் தலையாட்டினாள், அடுத்த பக்கம் போனேன். வரலாறு காதால் வரும். கணக்கு பென்சில் பிடித்துப் போட்டுப் பார்த்தால்தான் வரும். அவள் கையோ பீடியில் இருந்தது. இரண்டு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. நேற்று இதைச் சொல்லி அழுதேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம், போடி" என்று முறத்தைத் தட்டி வைத்தாள்.

வேலை ஆணை வரும்வரை எனக்கு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் மறுபடி அதே திண்ணை. இலை நனைத்து வெட்ட அவள் அம்மா எனக்குக் கற்றுத் தருகிறார். சுற்றுவது இன்னும் கைவரவில்லை, பத்தில் நாலு பிரிந்துவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் முறம் என் மடியில் இருக்கும், பென்சில் அவள் கையில்.