சனிக்கிழமைச் சம்பளம் நின்றபோது

கட்டட வேலை ஆட்களின் மனநிலையை அறிய வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரம் சைற்றில் நிற்க வேண்டும். கிழமைச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும்போது யார் கலகலவென்று கதைக்கிறார், யார் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறார் என்பதிலேயே பாதி விளங்கிவிடும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நடுத்தரக் கட்டட நிறுவனத்தில் ஆட்கள், சம்பளம், சைற் ஒழுங்குகளைப் பார்க்கிறவன். கொரோனாக் காலத்தில் அந்தச் சனிக்கிழமைகள் நின்றுபோனபோது நாங்கள் செய்தவற்றில் எது உண்மையில் உதவியது என்று எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அதற்கு முதல்நாள்தான் கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கொங்கிறீட் போட்டிருந்தோம். வேலை தெரிந்தவர்களுக்கு இதன் கவலை புரியும். கொங்கிறீட் இறுகத் தொடங்கியதும் குறைந்தது ஒரு கிழமையாவது அதைக் காயவிடாமல் மேலே தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். பங்குனி வெயிலில் அப்படியே விட்டால் வெடிப்பு வரும். ஊரடங்கு தொடங்கிய பிறகு எனக்கு வந்த முதல் அழைப்பு எங்கள் மூத்த மேசன் ஒருவரிடமிருந்து. சம்பளம் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கொக்குவில் கொங்கிறீட்டுக்கு ஆர் தண்ணி விடுறது?" என்றார்.

வீட்டுக்காரர் சுவிஸில். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனில் கேட்டோம். அவருடைய மகன் தங்கள் கிணற்று மோட்டரிலிருந்து குழாய் இழுத்து, ஏணியில் ஏறிக் காலையும் மாலையும் தண்ணீர் நிரப்பினான். தளத்தின் ஓரத்தில் சாந்தால் கட்டிய சிறு வரம்புகளுக்குள் தண்ணீர் பளபளவென்று நிற்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். நான் அதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுவரை அந்தக் குழுவில் வைரஸ் பற்றிய வதந்தியும் பயமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் படத்துக்குப் பிறகு பேச்சே மாறியது. "வடக்கு மூலையில தண்ணி குறையுது, வரம்பு கசியுதோ பாக்கச் சொல்லுங்கோ" என்று ஒருவர். "தளத்தைத் தாங்கிற முட்டுகளை ஆரும் தொட வேண்டாம், நாங்கள் வந்துதான் கழட்ட வேணும்" என்று இன்னொருவர். வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அந்தப் பத்து நிமிடமாவது மேசனாகவும் தச்சனாகவும் இருந்தார்கள். அதன் பிறகு நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் வழி காட்டியது.

இங்கே ஊரடங்கு கடுமையாக இருந்தது. மார்ச் 15 அன்று யாழ்ப்பாணத்து அரியாலையில் நடந்த கிறிஸ்தவ ஆராதனையில் சுவிஸிலிருந்து வந்த போதகர் கலந்துகொண்டார். அவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் பலர் தனிமைப்படுத்தப்பட்டார்கள். கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டியோடு யாழ்ப்பாணமும் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களில் சேர்ந்தது. ஏப்ரல் பிற்பாதியில்தான் பகலில் மூச்சுவிட முடிந்தது. அரசாங்கம் 5,000 ரூபா கொடுப்பனவு கொடுத்தது. பிறகு வேலைக்கு அழைக்க முடியாத ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்று தொழில் அமைச்சும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. அலுவலகத்தில் இருந்த எங்களுக்கு அது ஒரு பிடிமானம். நாட்சம்பளத்துக்கு வரும் மேசன், கையாள், பெயின்ரருக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை செய்த நாளுக்குக் காசு, செய்யாத நாளுக்கு ஒன்றுமில்லை.

முதலாளியிடம் நான் கேட்டது இரண்டு விடயங்கள். கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை இன்றே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, அதை நிவாரணம் என்று சொல்லக் கூடாது. இரண்டுக்கும் அவர் சம்மதித்தார். அந்த நாட்களில் ஊர் முழுக்க அரிசி மாப் பைகளைக் கொடுத்துப் படமெடுத்து முகநூலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவி செய்தவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் சாந்தகப்பை பிடித்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்த மனிதனை மாப் பையோடு கமராவுக்கு முன் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டும் ஊரடங்குக்குள் வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கொடுத்ததைக் கைவிசேஷம் என்றே கொடுத்தோம். வருடப் பிறப்புக்கு முதலாளி கையால் காசு வாங்குவது எங்கள் வழக்கம்தானே, யாருக்கும் அதில் கூச்சமில்லை. பலரிடம் வங்கிக் கணக்கு இல்லை. அதனால் அவரவர் ஊர்க் கடைக்காரரின் கணக்குக்குப் பணத்தை மாற்றிவிட்டு, பெயரைச் சொல்லிவிட்டோம். சாமானாகவோ காசாகவோ எடுத்துக்கொள்ளலாம்.

கம்பி கட்டும் வேலைக்கு மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த பெடியள் சிலர் சைற் கொட்டிலில் அகப்பட்டுக்கொண்டார்கள். மாவட்டம் தாண்ட முடியாது. சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாளிலேயே அவர்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. சும்மா இருப்பதுதான் காரணம். அங்கே கிடந்த கம்பியில் வளையம் வளைத்து அடுக்கச் சொன்னோம், அதற்குரிய கூலியும் எழுதினோம். அப்புறம் சண்டை பற்றிய பேச்சே வரவில்லை. பின்னேரத்தில் வீட்டுக்குப் பேசுவதற்கு ரீலோட் போட்டுக் கொடுத்ததும் பெரிய உதவி. இதற்கான செலவு சொற்பம்.

வேலை திரும்பத் தொடங்கியபோது வந்த பிரச்சினை காசைவிடக் கடினமானது. அரியாலையிலிருந்து வரும் இருவரைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் அந்த ஆராதனைக்குப் போனவர்கள்கூட இல்லை, ஊர்ப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. பயந்தவர்களையும் நான் திட்டவில்லை, வீட்டில் வயதான தாய் தகப்பன் இருப்பவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சைற்றுக்கே அழைத்தோம். எப்படித் தொற்றுகிறது, எவ்வளவு நாளைக்குப் பிறகு பயமில்லை என்று அவர் மர நிழலில் நின்று விளக்கினார். கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் போன பிறகு, தண்ணீர் பற்றிக் கேட்ட அதே மூத்த மேசன், "நாளைக்கு என்னோட அவங்கள் ரெண்டு பேரும் நிக்கட்டும்" என்றார். நான் எத்தனை கூட்டம் வைத்திருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகியிருக்காது. ஆட்கள் தங்களில் யாரை நம்புகிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 மே 21 முதல் ஒரு மாதம் பயணக் கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் ஓரளவு தயாராக இருந்தோம். எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை படத்தோடு குழுவில் போட்டோம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் வீட்டுக்காரர் வேலையை நிறுத்தச் சொன்னால் அதையும் மறைக்காமல் சொன்னோம். கெட்ட செய்தியைப் பொத்தி வைத்தால் ஆட்கள் அதைவிடக் கெட்டதைக் கற்பனை செய்வார்கள். மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சினோபாம் தடுப்பூசி வந்தது. எங்கள் ஆட்களில் சிலர் ஊசிக்குத் தயங்கினார்கள். போட்டுக்கொண்டவர்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொன்னதும் மற்றவர்களும் போனார்கள்.

இன்னமும் மனதை உறுத்துவது நாட்சம்பளக்காரரின் நிலை. பலருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, வயதான காலத்துக்கு ஒன்றும் இல்லை. தொடர்ந்து எங்களோடு வேலை செய்பவர்களையாவது அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, முதலில் மேசன்மாரைப் பதிந்திருக்கிறோம். கையாட்கள் அடிக்கடி இடம் மாறுவதால் அவர்களைப் பதிவது இழுபடுகிறது. அவர்களுக்காகச் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, நிறுவனமும் அதே அளவு போடும் பொதுப் பணம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். அதன் கணக்குக் கொப்பி அலுவலகத்தில் இல்லை, ஆட்களே தெரிந்தெடுத்த ஒருவரிடம் இருக்கிறது.