ஒரு செப்புப் பிசிறு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகக் கூடத்து அலமாரியை நகர்த்தியபோது ஆம்ப்ளிஃபையரின் வயர்களை எல்லாம் கழற்றி வைத்திருந்தேன். வேலை முடிந்த இரவே பாட்டு கேட்டாக வேண்டும் என்ற அவசரத்தில், ஸ்பீக்கர் வயர்களின் நுனிகளை அரைகுறையாக முறுக்கி, பின்பக்க டெர்மினல்களில் செருகி, சுவிட்சைப் போட்டேன். வலப்பக்க ஸ்பீக்கர் பாடியது. இடப்பக்கத்தில் சத்தமே இல்லை. பேலன்ஸ் குமிழில்தான் கோளாறு என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். சில நொடிகளில் கருகல் வாடை வந்தது.

மறுநாள் மெக்கானிக் மூடியைத் திறந்ததும், இடப்பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஷார்ட் ஆகியிருப்பதையும், அவற்றுக்கு அருகிலிருந்த 0.22 ஓம் ரெசிஸ்டர் கருகியிருப்பதையும் காட்டினார். பிறகு, நான் செட்டோடு கொண்டு போயிருந்த வயரின் நுனியை மேசை விளக்கின் அடியில் பிடித்து, "இதைப் பாருங்க சார்" என்றார். சிவப்பு வயரின் முறுக்கிலிருந்து தலைமுடி அளவிலான ஒரே ஒரு செப்புப் பிசிறு வெளியே வளைந்து நின்றது. அதுதான் கறுப்பு டெர்மினலைத் தொட்டிருக்கிறது.

230 வோல்ட்டுக்கு அஞ்சுகிற நாம் ஸ்பீக்கர் டெர்மினலை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்கும்போது அங்கே இருப்பது ஏறத்தாழ 28 வோல்ட். ஓடுவது மூன்றரை ஆம்பியர். அந்த 8 ஓமின் இடத்தில் ஒரு பிசிறின் சொற்ப எதிர்ப்பு மட்டுமே நின்றால், பவர் சப்ளையால் தர முடிகிற அவ்வளவு கரண்டும் டிரான்சிஸ்டர் வழியாகப் பாயும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன பின், சப்ளையின் டி.சி. வோல்டேஜ் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய், அதனுள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலையும் எரித்துவிடக்கூடும். சுவிட்சைப் போட்ட சில நொடிகள் கழித்து "டிக்" என்று கேட்கிறதே, அது பெரும்பாலும் இதைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு ரிலேயின் ஒலி. என்னுடைய பழைய செட்டில் அந்த ரிலே கிடையாது.

அன்று முதல், வயர் இணைக்கும் வேலையை ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே தொடங்குகிறேன். இன்சுலேஷனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிப்பதில்லை. உரித்த இழைகளை ஒரே திசையில் இறுக முறுக்கி, செருகியபின் வெளியே செம்பு துளியும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்; தெரிந்தால் கழற்றி மீண்டும் செய்கிறேன். வயரின் நுனியை உள்ளே அடக்கிக்கொள்ளும் பனானா பிளக் மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இதற்கு முன்பே செய்யும் சோதனை ஒன்று உண்டு: வயரின் ஒரு முனை ஸ்பீக்கரில் இருக்க, ஆம்ப்ளிஃபையர் பக்கத்து முனையை எதிலும் செருகாமல் மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்ப்பது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் பொதுவாக 6 முதல் 7 வரை காட்டும்; 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேல் காட்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அரை நிமிட வேலை.

வயரின் தடிமனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் 14/36 வயரில் (36 கேஜ் இழைகள் 14 கொண்டது) பத்து மீட்டர் தொலைவுக்குப் போய்வர 0.85 ஓம் அளவுக்கு எதிர்ப்பு சேர்ந்துவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது கால் ஓம் அளவுதான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் வயர்கள் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சில பழைய ஸ்பீக்கர் பெட்டிகளில், சுவர் சாக்கெட்டில் செருகக்கூடிய சாதாரண இரண்டு பின் பிளக்கையே வயரின் நுனியில் மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். கழற்றி மாட்டச் சுலபம் என்பதற்காகச் செய்தது. அறியாத ஒருவர் அதைச் சுவரில் செருகினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய பெட்டி கைக்கு வந்தால் முதலில் அந்தப் பிளக்கை வெட்டி எறியுங்கள்.

இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை ஒரே செட்டில் மாட்டுகிறவர்கள், பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஓம் கணக்கைப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் ஏ, பி என்று குறித்த ஸ்பீக்கர் இணைப்புகள் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை பேரலலாக இணைகின்றன. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு சேர்ந்தால் செட்டுக்கு 4 ஓமாகவும், 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓமாகவும் தெரியும். 2 ஓமைத் தாங்கும் வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் மிகக் குறைவு. உள்ளங்கை அளவில் இன்று மலிவாக வரும், கிளாஸ் டி எனப்படும் வகை ஆம்ப்ளிஃபையர்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது: அவற்றில் பலவற்றின் கறுப்பு டெர்மினல் கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஆகவே இடம், வலம் இரண்டின் கறுப்பு வயர்களையும் ஒன்றாக முறுக்குவதோ அவற்றைச் சேஸியோடு, அதாவது செட்டின் உலோக உடலோடு, இணைப்பதோ கூடாது.

மற்ற கருவிகளைச் சேர்ப்பதில் அபாயம் குறைவு, ஆனால் ஒழுங்கு வேண்டும். ஃபோனோ என்று எழுதிய இன்புட், ரெக்கார்டு பிளேயரின் முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்கானது. 2 வோல்ட் வரை தரும் சிடி பிளேயரை அதில் செருகினால் ஒலி சிதைந்து அலறும். இந்தக் கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ பிளக்கில் நடுமுள் முதலில் தொட்டு, வெளிவளையம் பிறகே தொடுகிறது; அதனால்தான் செட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செருகினால் காதைப் பிளக்கும் உறுமல் வருகிறது. எனவே மற்றவற்றைப் போட்டபின் கடைசியாக ஆம்ப்ளிஃபையரைப் போடுவதும், நிறுத்தும்போது அதை முதலில் நிறுத்துவதும் என் வழக்கம்.

டிவியை இணைத்த அன்று "ம்ம்ம்" என்று விடாத ஹம் கேட்டது. அதைப் பார்க்க வந்த ஒருவர், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார். ஹம் நின்றுவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றாவது பழுதானால் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நிற்கும், ஃபியூஸ் போகாது. ஆர்சிஏ வயரின் வெளிவளையம் எல்லாக் கருவிகளின் பெட்டிகளையும் ஒன்றாகக் கோப்பதால், அந்த மின்சாரம் டிவி வரைக்கும் போய்ச் சேரும். எர்த் தேவையில்லாமலே வடிவமைக்கப்பட்ட இரண்டு பின் செட்டுகள் உண்டு. அவற்றின் பின்புறம் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருக்கும். என்னுடையது அந்த வகை அல்ல.

அவர் போன பிறகு, செட்டாப் பாக்ஸில் வந்து சேரும் கேபிள்காரரின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். ஹம் உடனே நின்றது. தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த வயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்திருக்கின்றன. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் ஒன்றை இழுத்து, டிஜிட்டல் சிக்னலைச் சாதாரண ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு சிறிய டி.ஏ.சி. வழியாகச் செட்டுக்குக் கொடுத்து, டிவியின் ஆடியோ செட்டிங்கை, சுருக்காத டிஜிட்டல் ஒலியான பிசிஎம் என்று மாற்றினேன். ஒளியாகப் போகும் வழியில் எர்த் கடக்க இடமில்லை. கேபிள் வயரை மீண்டும் மாட்டியும் ஹம் வரவில்லை. வெட்டச் சொன்ன அந்த எர்த் பின் இன்றும் பிளக்கில் அப்படியே இருக்கிறது.